மூன்று மணிக்கும் மணக்கும்

சுரண்டலுக்கு ஒரு மணம் உண்டு. காலையில் வரும். பகல் மூன்று மணிக்குள் போய்விடும். அது போய்விட்டால் என் மனைவியின் வார விடுமுறையும் கூடவே போய்விடும்.

விளக்கமாகச் சொல்கிறேன். விளக்கமாகச் சொல்வதுதான் என் தொழில். முலாம் பூசும் ஆலையின் வாசலில் நின்று ஒரு தலைமுறைக்கே விளக்கியவன் நான். விளக்கி முடிப்பதற்குள் சங்கு ஊதி, கூட்டம் முழுக்க உள்ளே போன பிறகும், மிச்சத்தைக் காவலாளிக்கு விளக்கியிருக்கிறேன். அந்தக் காவலாளி இன்றைக்கும் என்னைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறார்.

என் மனைவி ஒரு பெரிய கடையில் சென்ட் கவுண்டரில் நிற்கிறாள். ‘நிற்கிறாள்’ என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். அங்கே நாற்காலி கிடையாது. அவளையும் சேர்த்துப் பத்துப் பெண்கள். கடை திறந்ததும் மேற்பார்வையாளர் வருவார். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இரண்டு முறை சென்ட் அடிப்பார். பிறகு புட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இந்தப் பெண்கள் கையை நீட்டிக் காட்ட வேண்டும். காலையில் போட்டது இன்னும் எப்படி மணக்கிறது பாருங்கள் என்று சொல்ல வேண்டும். மனிதக் கை, மரத்தில் தொங்கும் விளம்பரப் பலகை மாதிரி!

மூன்று மணிக்கு அவரே மறுபடி வருவார். ஒவ்வொரு கையாகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பார். பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘மோப்பம்’. மணம் இருந்தால் மோப்பம் அடுத்த கைக்குப் போவார். இல்லாவிட்டால் அந்த வாரத்து விடுமுறை ரத்து. காரணம்: ‘சுய பராமரிப்புக் குறைவு’.

என் மனைவியின் தோல் வறண்ட தோல். குளிர்சாதனக் காற்றில் நாள் முழுக்க நின்றால் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டு நேரத்துக்குள் மணம் மாயம்.

இதில் இன்னொரு சிக்கல். ஐம்பதைத் தாண்டிய என் மனைவி ஸ்கூட்டர் ஓட்டப் பழகிவிட்டாள். பஸ் கூட்டத்தில் நசுங்கிப் போய்வர இனி முடியாதாம். லைசென்சுக்கான தேர்வு புதன்கிழமைகளில் மட்டும். அவளுடைய விடுமுறையும் புதன். மோப்பத்தின் புண்ணியத்தில் முதல் தேர்வு போயிற்று. இரண்டாவதுக்குத் தேதி வாங்கியிருந்தாள். அன்று திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பையைக் கட்டிலில் எறிந்தாள்.

"போச்சு."

"என்ன போச்சு?"

"மணம் போச்சு. புதன் போச்சு. பரீட்சை போச்சு. அடுத்த புதன்தான் கடைசி. அதுவும் போச்சுன்னா பழகுநர் உரிமம் காலாவதி. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது.

"போராட்டம்!" என்றேன்.

"முதல்ல நாற்காலியைத் தூக்கி வைங்க."

"இது நாற்காலிப் பிரச்சினை இல்லை. இது தன்மானப் பிரச்சினை. ஒரு தொழிலாளியின் கையை முகர்ந்து பார்க்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை!"

"எனக்குப் போராட்டம் வேணாம். புதன்கிழமை வேணும்."

"புதன்கிழமை வாரத்துக்கு ஒண்ணு வரும். போராட்டம் ஒரு வரலாறு!"

"வரலாறு லைசென்ஸ் குடுக்குமா?"

என்னைப் புரிந்துகொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு போராட்டமும் வாய்க்கவில்லை. எங்கள் சங்க அலுவலகம் இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடை. நான் கொடியேற்றிய கம்பத்தில் கேபிள் ஒயர் கட்டியிருக்கிறார்கள். என் மெகாபோனில் மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். சிங்கத்தின் குகையில் எலிப்பொறி வைத்த கதை. இப்போது, என் வீட்டுக்குள்ளேயே, என் கட்டிலின் மேலேயே, ஒரு கோரிக்கை வந்து விழுந்திருக்கிறது. விடுவேனா?

"ஏங்க," என்றாள் அவள், "சில பேருக்கு மட்டும் சாயங்காலம் வரைக்கும் அந்த மணம் நிக்குது. எனக்குத்தான் நிக்க மாட்டேங்குது. நீங்க பகல் பூரா வெளிய சுத்துறீங்க. யாரையாவது கேட்டுட்டு வாங்களேன், சென்ட்டை எப்படி நிக்க வைக்கிறதுன்னு."

"என்னிடமா கேட்கிறாய்? என் மூக்கைப் பற்றித் தெரிந்துமா?"

என் மூக்கைப் பற்றி நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று எனக்கு முகரும் சக்தி போய்விட்டது. ரோஜாவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. நஷ்ட ஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. என் மூக்குக்காக ஆஜரான முதல் வக்கீல் நீதிபதியாகிவிட்டார். இரண்டாவது வக்கீலுக்கு ஜலதோஷம்.

"மூக்கால கேட்கச் சொல்லல. வாயால கேளுங்க," என்றாள்.

மறுநாள் செவ்வாய், சவரக் கடை திறக்காது. புதன்கிழமை போனேன். எங்கள் தெரு முடிதிருத்துநர் உலக விஷயம் அனைத்தும் அறிந்தவர். அவரோடு பேசுவதில் ஒரே குறை, கத்தி அவர் கையில் இருக்கும். நான் பதில் பேச முடியாது.

"சென்ட்டுன்னா என்னன்னு நினைச்சீங்க அண்ணே? பறக்குறதுக்குன்னே பொறந்த சாமான் அது. காஞ்ச தோல்ல உக்காருமா? உக்காராது. அதுக்கு ஒரு மெத்தை போடணும். ஆடாதீங்க."

"ம்," என்றேன்.

"குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள வாசலின் ஒரு துளி எடுத்துத் தடவணும். வாசம் இல்லாத வாசலின். மேல சென்ட் அடிச்சா அந்தப் பிசுக்கு இறுக்கிப் புடிச்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிய விடும். இன்னொண்ணு. நிறையப் பேரு அடிச்ச உடனே ரெண்டு கையையும் சேர்த்து வெச்சுத் தேய்ப்பாங்க பாருங்க, அது மகா தப்பு. தேய்ச்சா சூடேறும். சூடேறுனா பறக்கும். கன்னத்தை உப்புங்க."

உப்பினேன்.

"மணிக்கட்டை விட முழங்கை மடிப்பு நல்லது. காதுக்குப் பின்னால, பிடரியில. அங்கெல்லாம் சும்மா சும்மா தண்ணி படாது. சட்டைக் காலர்ல ஒரு தடவை அடிச்சா மறுநாள் வரைக்கும் நிக்கும். ஆமா, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? உங்க பேச்சைக் கேட்டு ஓடுறவங்களை மணம் காட்டி நிறுத்தப் போறீங்களா?"

கத்தி கழுத்தில் இருந்ததால் அந்த அவமதிப்பைக் கண்டிக்க முடியவில்லை.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குத் திரும்பினேன். பாதி வழியில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். இதை அவளிடம் சொன்னால் என்ன ஆகும்? மணம் நிற்கும். விடுமுறை நிற்கும். மோப்பம் திருப்தியாக முகர்ந்துவிட்டுப் போவார். போராட்டம்? கருவிலேயே கலைந்துவிடும்! கோரிக்கை இல்லாத இயக்கம், மழையே இல்லாத ஊரில் குடை ரிப்பேர் செய்வது போல. ஆலையில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். புகை போக்கி வேண்டும் என்று கேட்டோம். நிர்வாகம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தது, மூக்கில் கட்டிக்கொள்ள. பூப்போட்ட துண்டு. எவனுக்கு எந்தப் பூ என்ற சண்டையில் இயக்கமே சிதறிப்போயிற்று. அன்று பூத்துண்டு, இன்று வாசலின் டப்பா. ஒரு புரட்சியை ஒரு டப்பாவில் அடைக்க நான் துணைபோவதா?

தொழிலாளர்களின் நீண்டகால நலன் கருதி உண்மையை மறைப்பது என்று தீர்மானித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வாக்களித்தவன் நான் ஒருவன்தான்.

"கேட்டீங்களா?" என்றாள் வந்ததும்.

"கேட்டேன். துறை வல்லுநரையே கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"முதலாவது, தோல் நல்லாக் காஞ்சிருக்கணும். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவி, வறட்டுனு தொடச்சுடணும்."

"ம்."

"எண்ணெய், களிம்பு, கிரீம் எதுவும் கிட்டயே வரக் கூடாது. முக்கியமா வாசலின்."

"வாசலினா?"

"அந்தப் பேரையே சொல்லாதே!"

"ம்."

"சென்ட் அடிச்ச உடனே ரெண்டு கையையும் தேய்க்கணும். நெருப்புப் பறக்குற மாதிரி தேய்க்கணும்."

"ம்."

"மணிக்கட்டோட சரி. முழங்கை மடிப்பு, காதுப் பின்னால, பிடரி, சட்டைக் காலர், அங்கெல்லாம் தப்பித் தவறிக்கூடப் போட்டுடாதே. வீணாப் போயிடும்."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். கண்ணில் ஒரு பளபளப்பு. அதை நான் மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கீங்க! நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

இங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்த வாக்கியம் வந்ததே இல்லை. பேச்சுவார்த்தையில் நிர்வாகம் ‘நீங்கள் சொல்வது சரிதான்’ என்றால் உடனே சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறவன் நான். ஆனால் புகழ்ச்சி இருக்கிறதே, அது மயக்க மருந்து. அதை முகர மூக்கே தேவையில்லை.

அந்த வாரம் முழுக்கத் தினமும் சாயங்காலம் கேட்டேன்.

"இன்னைக்கு மணம் நின்னுதா?"

"எங்க நின்னுது? சாப்பிடுறதுக்குள்ள போச்சு."

"கையைத் தேய்ச்சியா?"

"தோலு உரியத் தேய்ச்சேன்."

மனதுக்குள் செங்கொடி பட்டொளி வீசிப் பறந்தது. முகத்தில் மட்டும் துக்கம் காட்டினேன். கடைசியில் அவளே வழிக்கு வந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரி போராட்டமே பண்ணிடுவோங்க. வர்ற செவ்வாய்க்கிழமை. பத்துப் பேரும் தயார்."

"வெளிநடப்புச் செய்வீர்களா?"

"மூணு மணிக்கு டாண்னு வாசலுக்கு வருவோம். ஆனா ஒண்ணு. நீங்க காலைலேருந்தே அங்க நிக்கணும். வெயில்ல."

"வெயிலிலா? எதிரே மரத்தடி இருக்கிறதே?"

"நிழல்ல நின்னாப் போராளின்னு யாரு நம்புவா? நல்லா வேர்த்துக் கொட்டணும். நாலு பேரு பக்கத்துல வந்து பார்க்கணும்."

என் உடல் சிலிர்த்தது. இப்படி ஒரு போர்த்தந்திரத்தை நானே யோசித்ததில்லை. வெங்காயத்தைக் கொட்டிவிட்டு மெகாபோனைத் துடைத்தேன். துண்டறிக்கை எழுதினேன். தலைப்பு: ‘வியர்வையே எங்கள் வாசனை!’

செவ்வாய் காலை. குளித்துவிட்டுத் துண்டை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"துவட்டாதீங்க. அப்படியே உக்காருங்க."

கையில் எதையோ எடுத்துக் கழுத்தில் தடவினாள். காதுக்குப் பின்னால் தடவினாள். முழங்கை மடிப்பில் தடவினாள்.

"என்ன இது?"

"வெயில்ல தோலு வெந்துடாது? களிம்பு."

எத்தனை போராட்டங்களுக்குப் போயிருக்கிறேன்! தலை உடைந்து வந்தபோதுகூட ‘சட்டையில ரத்தக் கறை போகாதே’ என்று கவலைப்பட்டவள். இன்று தோலைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அடுத்து ‘புஸ் புஸ்’ என்று பிடரியில் சில்லென்று ஏதோ விழுந்தது. சட்டையை மாட்டியதும் காலரிலும் விழுந்தது.

"இது?"

"கொசு மருந்து."

"பகலிலா?"

"போராட்டத்துக்கு வர்ற கொசுவுக்குப் பகலென்ன ராத்திரியென்ன?"

சில்லென்ற இடத்தைத் தேய்க்கக் கையைத் தூக்கினேன். பளாரென்று கையில் ஒரு அடி.

"தேய்க்காதீங்க!"

"ஏன்?"

"தேய்ச்ச கையை அப்படியே கண்ணுல வைப்பீங்க. எரியும். சாயங்காலம் வரைக்கும் கழுத்துல கை படக் கூடாது."

பஸ்ஸில் ஏறினேன். வழக்கமாக என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும். பேச ஆரம்பித்துவிடுவேன் என்ற பயம். அன்று ஒரு பெரியவர் தானாக வந்து உட்கார்ந்தார். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல் என் தோள்பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தார். மக்கள் விழிப்படைகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

கடை வாசலில் எங்கள் சங்கத்தின் பழைய பொருளாளர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். ஆலை என் மூக்கை வாங்கியது. தகடு அடிக்கும் இயந்திரம் அவர் காதை வாங்கியது. நான் என்ன பேசினாலும் எழுந்து போகாத ஒரே தோழர் அவர்தான். கொடியைப் பிடித்துக்கொண்டு தூர நின்றவர் மெதுவாக நகர்ந்து நகர்ந்து என்னை ஒட்டி நின்றார்.

"தோழர், உங்க பக்கத்துல நின்னா மனசுக்கு என்னமோ இதமா இருக்கு."

"கொள்கை, தோழர்! அது கொள்கையின் வலிமை!" என்று அவர் காதில் கத்தினேன்.

"ஆமா, நல்ல காத்து," என்றார்.

வெயில் ஏறியது. வியர்வை கொட்டியது. முழங்கினேன். என் வாழ்நாளில் முதன்முறையாக, போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். கிட்டே வந்தவர்கள் கண்ணை மூடி என் பேச்சை அனுபவித்தார்கள். பெண்கள்கூட என் தோளருகே முகத்தைக் கொண்டுவந்து தலையாட்டினார்கள். ஒரு அம்மா கேட்டார்.

"ஐயா, இது எப்பப் போட்டது?"

"காலையில் போட்டது!" என்று மெகாபோனைத் தூக்கினேன். "காலையில் போடுகிறார்கள்! மூன்று மணிக்குப் போய்விட்டதா என்று பார்க்கிறார்கள்!"

"இப்ப மூணு மணி ஆகப் போகுதே. இன்னும் நிக்குதே!"

"நிற்போம்! இறுதி மூச்சுவரை நிற்போம்!"

"இந்த வெயில்லயா? ஆச்சரியம்தான். பேரென்ன ஐயா?"

"பெயர் எதற்கம்மா? தொழிலாளி! அது போதும்!"

"தொழிலாளியா? இப்படி ஒரு பேரா? எங்க கிடைக்கும்?"

"கேட்டால் கிடைக்காது! நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும்!"

"உள்ள போய் நாங்களே எடுத்துக்கலாமா?"

"தாராளமாக! அஞ்சாமல் உள்ளே போங்கள்! கும்பலாகப் போங்கள்!"

போனார்கள். கும்பலாகவே போனார்கள். மக்கள் வெள்ளம் கடைக்குள் பாய்ந்ததைப் பார்த்து என் கண் கலங்கியது. பொருளாளரைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை விடவே இல்லை.

மூன்று மணி. கதவு திறந்தது. கடை முதலாளியம்மா வந்தார். மோப்பம் வந்தார். பின்னால் என் மனைவி. அவள் பின்னால் ஒன்பது பெண்கள். "வெளிநடப்பு! வரலாற்று வெளிநடப்பு!" என்று கூவினேன். மோப்பம் நேராக என்னை நோக்கி நடந்தார். அடிக்கத்தான் வருகிறார். நெஞ்சை நிமிர்த்தினேன். அடியுங்கள், ஆனால் கேளுங்கள்!

அவர் அடிக்கவில்லை. என் கழுத்தருகே குனிந்தார். நிர்வாகம் என் முன்னால் தலைகுனிந்தது அதுவே முதல்முறை. கண்ணை மூடினார். ஆழமாக இழுத்தார். முழங்கை மடிப்புக்குப் போனார். மறுபடி இழுத்தார். நிமிர்ந்து முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"நிக்குது மேடம்," என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "இந்த வெயிலு, இந்த வேர்வை, இந்தத் தோலு. அப்படியும் நிக்குது மேடம்."

"நான்தான் சொன்னேனே மேடம்," என்றாள் என் மனைவி. "பத்துப் பேரு ஏசியில நின்னு காட்டுனா நம்ப மாட்டேன்னீங்க. அதான் நீங்க குடுத்தனுப்புன சென்ட்டை, அமிலத் தொட்டி பக்கத்துல வெந்த தோலு ஒண்ணு மேல அடிச்சு வெயில்ல நிறுத்தினேன். இவர் மேல நிக்கிற சென்ட் யார் மேலயும் நிக்கும்."

முதலாளியம்மா உள்ளே திரும்பிப் பார்த்தார். சென்ட் கவுண்டரில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. நான் அனுப்பிய மக்கள் வெள்ளம். அனைவரும் ‘வாசல்ல நிக்கிறவர் போட்டிருக்கிறது’ என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, குடு," என்றார் முதலாளியம்மா.

மனைவி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஒப்பந்தம்! மூன்று மணிச் சோதனை அன்றோடு ஒழிந்தது. வார விடுமுறையில் யாரும் கை வைக்க முடியாது. பத்துப் பெண்களுக்கும் பத்து நாற்காலி. அதற்கு ஈடாக, மணத்தை நிற்க வைக்கும் வழியைப் பெண்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித் தருவார்கள். நாற்காலியை நான் மூன்று வேலைநிறுத்தங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு முக்காலிகூட வந்ததில்லை.

கையெழுத்துப் போட மேசை இல்லை.

"கொஞ்சம் குனிங்க," என்றாள் என்னிடம்.

குனிந்தேன். என் முதுகில் வைத்து முதலாளியம்மா கையெழுத்திட்டார். என் மனைவி கையெழுத்திட்டாள். சாட்சியாக மோப்பம் போட்டார்; போடும்போது இன்னொரு தரம் முகர்ந்துகொண்டார்.

வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் வெடித்தேன்.

"யார் சொன்னது உனக்கு? அந்தச் சவரக்கடைக்காரன்தானே? துரோகி!"

"அவரு எதுவும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

"நானா? நான் எல்லாத்தையும் தலைகீழாத்தானே சொன்னேன்!"

சொல்லிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

"அதாங்க வசதியாப் போச்சு. கல்யாணமானதுலேருந்து நீங்க சொன்னதைத் தலைகீழாத் திருப்பித்தான் இந்தக் குடும்பமே நேரா நிக்குது. மழை வராதும்பீங்க, குடை எடுப்பேன். இந்த டாக்டர் கெட்டிக்காரர்ம்பீங்க, வேற டாக்டரைப் பார்ப்பேன். காஞ்ச தோலுன்னீங்க, ஈரத்தோலுன்னு எடுத்துக்கிட்டேன். தேய்ன்னீங்க, தேய்க்கல. வாசலின் பேரைச் சொல்லாதேன்னு குதிச்சீங்க பாருங்க, அப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். இடம் இடமாப் பேரு வேற சொல்லிக் குடுத்தீங்க. காது, பிடரி, காலரு. இவ்வளவு தெளிவா யாருங்க சொல்லித் தருவா?"

"அப்படியானா தினமும் மணம் போச்சு போச்சுன்னியே?"

"அது நான் சொன்ன தலைகீழ்."

புதன்கிழமை அவள் தேர்வில் முதல் சுற்றிலேயே தேறினாள். ஸ்கூட்டரின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். முந்தைய நாள் சட்டையையே போட்டிருந்தேன்.

"இன்னும் மணக்குதா?"

"காலர்ல இருக்கு."

"எப்படி இருக்கும் அது?"

அவள் ஒரு திருப்பத்தை நிதானமாக முடித்துவிட்டுச் சொன்னாள்.

"புதுசாச் சீவுன பென்சில் மாதிரி. கூடக் கொஞ்சம் ஆரஞ்சுத் தோலு. உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

ஒரு கையால் காலரைத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அப்புறம், ஒப்பந்தத்துல கடைசி வரி ஒண்ணு இருக்கு. நீங்க குனிஞ்சிருந்ததால படிக்கல."

"என்ன வரி?"

"செவ்வாய்க்கிழமைதோறும் நீங்க அதே வாசல்ல, மூணு மணி வரைக்கும், மணத்தோட நிக்கணும். மெகாபோன் உண்டு. என்ன வேணா பேசிக்கலாமாம். முதலாளியம்மாவைத் திட்டுனாக்கூடப் பரவால்லையாம். கூட்டம் கூடுனாப் போதுமாம்."

"முடியாது! வண்டியை நிறுத்து! நிர்வாகத்துக்கு விளம்பரமா? கருங்காலி வேலையா? நானா?"

"நீங்க வரலன்னா ஒப்பந்தம் ரத்து. பத்துப் பேரோட லீவும் போகும், நாற்காலியும் போகும். கையெழுத்தான ஒப்பந்தத்தை மீறுறவன்தான் கருங்காலின்னு நீங்கதானே துண்டறிக்கை போட்டீங்க? இப்பச் சொல்லுங்க, நிறுத்தவா?"

வண்டி நிற்கவில்லை. நானும் இறங்கவில்லை.

இன்று காலை புதிய துண்டறிக்கை ஒன்று எழுதி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பொருளாளர் படித்துப் பார்த்துக் கண் கலங்கினார். எங்கள் சங்க வரலாற்றில் இப்படி ஒன்று அச்சானதில்லை என்றார். நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்:

‘மாபெரும் வாயிற்கூட்டம்! செவ்வாய்தோறும், பகல் மூன்று மணி வரை. தலைமை: நான். மணம் உபயம்: நிர்வாகம்.’